கை நின்ற இடம்

“ஆறு மணிக்குள்ள மச்சான் ஆஸ்பத்திரியில வந்து கையெழுத்துப் போடணும். இல்லேன்னா என் பொண்டாட்டி பிழைக்க மாட்டா மேடம்.”

பஸ் டிரைவர் இதைச் சொன்னபோது மணி இரண்டு இருபது. காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், பாதி டிரிப்பில் பஸ்ஸை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்திருந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மேடம் இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடை, காணாமல் போன சரக்கு, உடைந்த லாரி என்று எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, எது நிஜம், எது புளுகு என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அதை விட்டபின் துப்பறிகிறார். உதவிக்கு ஒரு ஆள், ஒரு பழைய ஸ்கூட்டர். ஆளின் பெயர் ரேடியோ. நாற்பது வயது. எந்நேரமும் பேசுவான், சுவிட்ச் மட்டும் கிடையாது.

“நிதானமா சொல்லுங்க. மச்சான்னா உங்க மனைவியோட அண்ணன். சரியா?”

“ஆமா மேடம். பூல் கிளப்ல விளையாடற ஸ்டிக் இருக்கே, அதை ரிப்பேர் பண்ணி பாலிஷ் போடறவர். குச்சி மாஸ்டர்னு சொன்னா எல்லா கிளப்லயும் தெரியும். என் பொண்டாட்டிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. இவரோடது பொருந்துச்சு. நாளைக்குக் காலையில ஆபரேஷன். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இவர் அட்மிட் ஆகணும். காலையில ஒம்பது மணிக்கு இது வந்துச்சு. டிரிப்ல இருந்தேன், மத்தியானம்தான் பார்த்தேன்.”

ஃபோனை நீட்டினார். மூன்றே வரி.

என்னால முடியல. பயமா இருக்கு. தேடாதீங்க.

“அப்புறம் ஃபோன் ஆஃப். இந்தத் தேதி போச்சுன்னா அடுத்தது மூணு வாரம் கழிச்சு. அவ தாங்குவாளான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். பதில் சொல்லாம வேற பேஷன்ட்டைப் பார்க்கப் போயிட்டார்.”

“பயப்படறது தப்பில்லையே” என்றார் மேடம்.

“தப்பே இல்ல. என் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லட்டும். கும்பிட்டுட்டுப் போயிடறேன். ஆனா நேத்து சாயங்காலம்கூட தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் மேடம். எழுந்து போனப்புறம் அவ கையெல்லாம் தண்ணி. அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே உள்ளங்கை வேர்க்கும். நர்ஸ்கூட, ‘என்ன சார், குழாயை மூடாம வந்துட்டீங்களா’ன்னு கேட்டுச்சு. சிரிச்சார். ஓடிப் போற ஆள் அப்படிச் சிரிப்பாரா?”

மேடம் எழுந்தார். “ஒரு விஷயம். கண்டுபிடிச்சுத் தர்றேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர மாட்டேன். கிட்னி அவரோடது.”

டிரைவர் தலையாட்டினார். தலை ஆடியதே தவிர, கண் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

*

மாஸ்டரின் பட்டறை வீட்டோடு சேர்ந்தது. மாடியில் வீடு, கீழே வேலை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே குச்சியைக் கடையும் சின்ன மோட்டார் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் குச்சி எதுவும் மாட்டியிருக்கவில்லை.

“என்ன மேடம், மோட்டார் வாக்கிங் போகுது?” என்றான் ரேடியோ.

மாஸ்டரின் மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். நாற்பது வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது.

“நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதுங்க. பழசு.” சத்தத்தை மீறிக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. “மாப்பிள்ளை அனுப்பினாரா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. காலையில பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். எங்கன்னு சொல்லல.”

மேடம் சுற்றிப் பார்த்தார். மேஜை மேல் மெழுகு டப்பா, துணிகள், பசை. பின்பக்கம், விளிம்பில் ரப்பர் வைத்த தடித்த கதவு, அதில் பூட்டு. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் டிரம் பக்கத்தில், மூன்று ஸ்டிக்குகள் சுவரில் சாய்ந்து நின்றன.

“வீட்டுப்பாடம் எழுதாத பசங்களை நிக்க வெச்ச மாதிரி இருக்கு” என்றான் ரேடியோ.

“காயட்டும்னு வெச்சிருக்கேன்” என்றாள் அவள் சட்டென்று.

“நீங்களும் இந்த வேலை பார்ப்பீங்களா?”

“ஐயோ, நான் தொடறதே இல்லீங்க. அவர் கை பட்டாத்தான் கிளப்காரங்களுக்குப் பிடிக்கும்.” மேஜையில் துணி சுற்றியிருந்த ஒரு ஸ்டிக்கை எடுத்தாள். “இதைக்கூட முடிச்சு வெச்சிட்டுத்தான் கிளம்பினார். கிளப்ல சாம்பியன்னு ஒருத்தர் இருப்பார், அவரோடது. மூணு மணிக்குத் தர்றதா பேச்சு. நீங்க அந்தப் பக்கம் போவீங்களா?”

வழக்கமாக, வீட்டில் ஆள் காணாமல் போனால் துப்பறிய வந்தவர்களைப் போகவிட மாட்டார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், அழுவார்கள், ஆல்பத்தைக் காட்டுவார்கள். இவள் கையில் ஒரு வேலையைத் திணித்து வாசலைக் காட்டினாள்.

“கொடுங்க. சேர்த்திடறோம்” என்றார் மேடம்.

*

கிளப்பில் பகல் நேரம் என்பதால் கூட்டம் இல்லை. இரண்டு மேஜையில் மட்டும் விளக்கு எரிந்தது. சாம்பியன் என்பவருக்கு ஐம்பது வயது, தொப்பை. குனிந்து பந்தை அடிப்பாரா, இல்லை தொப்பையாலேயே தள்ளிவிடுவாரா என்று ரேடியோ மேடத்தின் காதில் கேட்டான். மேடம் அவன் காலை மிதித்தார்.

சாம்பியன் துணியைப் பிரித்து, பிடிப்பக்கத்தை விளக்குக்குக் கீழே பிடித்தார். முகம் மலர்ந்தது.

“பாருங்க! கண்ணாடி தோத்துடும். ஊர்ல பத்துப் பேர் பாலிஷ் போடறான். இது மாஸ்டர் கை.”

“எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“பதினெட்டு வருஷமா இதைப் பிடிச்சுட்டு நிக்கறேன் மேடம். மெழுகை விரல் நுனியில தொட்டு மெல்லிசா தடவணும். சோம்பேறி கொழகொழன்னு அப்பிடுவான். அப்புறம் காத்திருக்கணும். வெள்ளையா பூக்கும். பூத்த உடனே துணியால எடுத்துடணும், விட்டா இறுகிக் கோடு விழுந்துடும். கடைசியா துணி கிடையாது. வெறும் உள்ளங்கை. சூடு ஏற ஏறத் தேய்க்கணும். அப்பத்தான் மெழுகு வார்னிஷோட ஒட்டும், வேர்வையோ ஈரமோ உள்ள இறங்காது. மாஸ்டர் இதை யார் முன்னாடியும் செய்ய மாட்டார். தொழில் ரகசியம்.” மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நகத்தை லேசாக வைத்துப் பார்த்தார். “வாசனைகூடப் போகல. நகம் மெத்துன்னு இறங்குது. ஒரு மூணு மணி நேரம் ஆகியிருக்கும்.”

ரேடியோ விரல் விட்டு எண்ணினான். “இப்ப மூணு நாற்பது. அப்படின்னா பன்னெண்டு, பன்னெண்டரை. ஒம்பது மணிக்குக் கிளம்பினவர் பன்னெண்டு மணிக்கு எப்படி பாலிஷ் போட்டார்? மேடம், ஆள் ஊரை விட்டே போகல! பக்கத்துலதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கார். அந்தம்மா சோறு கொண்டு போய்க் கொடுக்குது, இவர் பொழுது போகாம மெழுகு தடவறார்.”

சாம்பியனின் முகம் திடீரென்று சுருங்கியதை மேடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டிக்கின் அடிப்பக்கம், கடைசி ஒரு சாண் இருக்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு பட்டை. நான்கு விரல் அகலம். மெழுகு பூத்து, எடுக்கப்படாமல், அப்படியே இறுகிப்போய் இருந்தது.

“இது என்ன? கை நின்னிருக்கு” என்றார் சாம்பியன், கோபமா வருத்தமா என்று தெரியாத குரலில். “பதினெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி நின்னதில்ல.”

“விட்டுப்போச்சு, மறந்துட்டார், அவ்வளவுதானே?” என்றான் ரேடியோ.

“இதை மறக்க முடியாதுப்பா. அடுப்புல பால் பொங்கறப்ப யாராவது மறப்பாங்களா? வீடு இடிஞ்சு விழுந்தாத்தான் கையை எடுப்பாங்க.”

“சார், ஒண்ணு சொல்லுங்க” என்றார் மேடம். “கடைசியில வெறும் உள்ளங்கைன்னு சொன்னீங்களே. அது எப்படிப்பட்ட கையா இருக்கணும்?”

“காஞ்ச கை. சொட்டு ஈரம் பட்டாலும் திட்டுத் திட்டா நின்னுடும். கெட்டுச்சு வேலை.”

மாஸ்டரைப் பற்றி டிரைவர் சொன்னது ரேடியோவுக்கு நினைவு வந்தது. பொறந்ததுலேர்ந்தே உள்ளங்கை வேர்க்கும். குழாயை மூடாம வந்துட்டீங்களா சார்.

“இன்னொண்ணு. பாலிஷ் போட்டதும் சுவத்துல சாய்ச்சுக் காய வெப்பாங்களா?”

“சுவத்துலயா!” சாம்பியன் பதறிப்போனார். “வளைஞ்சு போயிடும் மேடம். போன வருஷம் நான் ரெண்டு நிமிஷம் சாய்ச்சு வெச்சதுக்கு மாஸ்டர் சம்சாரம் என்னைப் பிடிச்ச பிடி இருக்கே! ‘பிள்ளையை இப்படித்தான் மூலையில சாய்ப்பீங்களா’ன்னு கேட்டுது. பின்னால குச்சி ரூம்னு ஒண்ணு இருக்கு. அதுலதான் தொங்கவிடுவாங்க. ஈரக் காத்தோ அனலோ உள்ள போகாது, கதவுக்கு ரப்பர் போட்டிருக்கும். ஜன்னலே கிடையாது. நான் ஒரு தடவை பத்து நிமிஷம் நின்னேன், மூச்சு முட்டிடுச்சு.”

மேடம் ஸ்டிக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“சார், இது இன்னும் முடியல. அப்புறம் தர்றேன். ரேடியோ, வண்டியை எடு!”

*

சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. லாரிக்கும் காருக்கும் நடுவில் ஸ்கூட்டர் எலி போல மாட்டிக்கொண்டது. மணி நாலு இருபத்தைந்து.

“அப்ப பாலிஷ் போடறது மாஸ்டர் இல்ல, அந்தம்மா” என்றான் ரேடியோ, ஹார்னை அழுத்திக்கொண்டே. “மரவேலை இவர், மினுக்கறது அவங்க. பேர் மட்டும் இவருக்கு. எங்க வீட்டுல சாம்பார் மாதிரி. நான்தான் வெப்பேன், வர்றவங்க என் பொண்டாட்டியைப் பாராட்டுவாங்க.”

“தொடறதே இல்லேன்னு நம்மகிட்டயும் சொன்னா. பழகின பொய், வாயில தானா வந்துடுச்சு. அதை விடு. குச்சியை யாராவது சாய்ச்சாலே திட்டறவ, பாலிஷ் போட்ட மூணு குச்சியைத் தண்ணி டிரம் பக்கத்துல ஏன் சாய்ச்சு வெச்சா?”

ரேடியோ திரும்பிப் பார்த்தான். “குச்சி ரூமைத் திறக்க முடியல.”

“திறக்கக் கூடாது. உள்ள ஆள் இருக்கு.”

“அப்ப அந்த மோட்டார்...”

“சத்தத்துக்கு ஓடுது. நாம அங்க நின்னுட்டு இருந்தப்பவே அவர் கதவைத் தட்டிட்டு இருந்திருப்பார் ரேடியோ. பத்தடி தூரத்துல. நாம அவர் குச்சியையே வாங்கிட்டு வந்துட்டோம்.”

ஃபோன் அடித்தது. டிரைவர்.

“மேடம், அவ கேட்டுட்டே இருக்கா, அண்ணன் வந்தாச்சான்னு. டிராஃபிக்ல மாட்டிக்கிட்டார்னு சொல்லி வெச்சிருக்கேன். எவ்வளவு நேரம் மேடம் நான் இதையே சொல்றது?” பின்னால் மெலிந்த பெண் குரல் ஒன்று ஏதோ கேட்டது. “இதோ வந்துடுவார்ம்மா” என்று அவர் திரும்பிச் சொல்வது கேட்டது. ஃபோன் கட்டானது.

“பிளாட்ஃபாரத்து மேல ஏத்துடா” என்றார் மேடம்.

பதினொரு வருடத்தில் அவர் அவனை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. ரேடியோ ஏற்றினான்.

*

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் மனைவி அதன் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் நேராகப் போய் சுவிட்சை அணைத்தார்.

மோட்டார் முனகி நின்றது. பட்டறையில் எந்தச் சத்தமும் இல்லை. தட்டும் சத்தம் கேட்கும் என்று மேடம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எதுவுமே கேட்கவில்லை.

“எதுக்கு நிறுத்தறீங்க? அது மறுபடி...”

மேடம் துணியைப் பிரித்து அந்த வெள்ளைப் பட்டையை அவள் முன்னால் நீட்டினார்.

“இந்த இடத்துல கை நின்னுச்சே. அப்போ உங்க காதுல என்ன கேட்டுச்சு?”

அவள் அந்தப் பட்டையைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கே அது இப்போதுதான் படுகிறது என்று தெரிந்தது. தன்னை அறியாமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தேய்க்கப் போனாள். பிறகு அப்படியே உடைந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அவர்தான் பூட்டச் சொன்னார். சத்தியமா. காலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நான் ஆபரேஷன்ல போயிட்டா நீ என்ன பண்ணுவே, என்னை உள்ள வெச்சுப் பூட்டு, ஆறு மணி வரைக்கும் நானே கெஞ்சினாலும் திறக்காதே’ன்னார். மெசேஜை அனுப்பிட்டு ஃபோனையும் என் கையில கொடுத்தார். நான் பூட்டினேன். சும்மா உட்கார முடியல, குச்சிங்களை எடுத்து மெழுகு போட்டேன். நாலாவது குச்சி முடியற நேரத்துல...” அவள் பூட்டிய கதவைப் பார்த்தாள். “தட்டினார். ‘திற, நான் போறேன், தங்கச்சி காத்திட்டு இருப்பா’ன்னார்.”

“திறக்கல.”

“எங்க அண்ணன் குடல்வால் ஆபரேஷன்னு சிரிச்சுட்டேதான் உள்ள போனான். சின்ன ஆபரேஷன்னாங்க. வெளியில கொண்டு வந்தப்ப துணி போர்த்தியிருந்தாங்க. இவரும் போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா? அவரேதான் கெஞ்சினாலும் திறக்காதேன்னார். அதையே பிடிச்சுக்கிட்டேன். மோட்டாரைப் போட்டுட்டேன்.”

“எப்ப தட்டறது நின்னுச்சு?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“தெரியல. மோட்டார் சத்தத்துல... நின்னுடுச்சா?”

“சாவி!”

இடுப்பில் இருந்த சாவியை அவள் எடுத்து நீட்டினாள். ரேடியோ வாங்கித் திறந்தான். ரப்பர் பிசினைப்போல ஒட்டிக்கொண்டு, பிறகு கதவு விட்டது. உள்ளேயிருந்து மெழுகும் மரமும் வேர்வையும் கலந்த சூடான காற்று முகத்தில் அடித்தது.

மாஸ்டர் தரையில் குப்புறக் கிடந்தார். கன்னம் கதவின் அடி இடுக்கை ஒட்டியிருந்தது. சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது.

“என்னங்க! என்னங்க!”

ரேடியோ அவரைத் தூக்கி வெளியே இழுத்தான். மேடம் டிரம்மிலிருந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு அவர் இருமினார். அந்த இருமலைக் கேட்டு அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“மணி என்ன?” என்பதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை.

“அஞ்சு” என்றார் மேடம். “சார், நான் உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அனுப்பின ஆள். ஆனா உங்களைக் கூட்டிட்டுப் போக வரல. வேணாம்னா இப்பவே சொல்லுங்க. டாக்டர்கிட்ட நான் பேசறேன். உடம்பு ஒத்துவரலைன்னு எழுதிடுவாங்க. யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க.”

மாஸ்டர் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். வேர்வை முழங்கை வரை வழிந்தது.

“பன்னெண்டு மணி வரைக்கும் கத்தியை நினைச்சுப் பயந்தேங்க. அப்புறம் இந்தக் கதவு திறக்காமலே ஆறு மணி ஆயிடுமோன்னு பயந்தேன். ரெண்டுல எது பெரிய பயம்னு இப்பத் தெரிஞ்சுடுச்சு. நான் போறேன்.”

“நீங்கதானே திறக்காதேன்னு சொன்னீங்க” என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி.

“பயத்துல சொன்னேன்.”

“நானும் பயத்துலதான் திறக்கல.”

அவர் எழுந்து நின்று, ஈரக் கையை அவளிடம் நீட்டினார். “வா.”

“நான் எப்படி வர்றது? மாப்பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்?”

“நான் மட்டும் எப்படி முழிக்கறது? ரெண்டு பேரும் சேர்ந்து முழிப்போம், வா.”

“ஸ்கூட்டர்ல மூணு பேரா?” என்றான் ரேடியோ. “போலீஸ் பிடிச்சா?”

“அவங்களையும் ஏத்திக்கோ” என்றார் மேடம்.

*

பட்டறையில் மேடம் தனியாக இருந்தார். சாய்ந்து நின்ற மூன்று ஸ்டிக்குகளையும் குச்சி ரூமுக்குள் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். கதவைச் சாத்த மனம் வரவில்லை. திறந்தே வைத்தார். நான்காவதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐந்தரை. ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்தைந்து. மாஸ்டரின் மனைவி உட்கார்ந்து பார்த்த அதே கடிகாரம்.

ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு ஃபோன் அடித்தது.

“மேடம், கையெழுத்துப் போட்டாச்சு” என்றான் ரேடியோ. “முதல் பேப்பர் நனைஞ்சு இங்க் பூரா பரவிடுச்சு. நர்ஸ் திட்டிட்டே வேற பேப்பர் எடுத்தாங்க. அந்தம்மா அவர் கையைத் துணியால துடைச்சு விட்டுட்டே நின்னாங்க, இவர் ஒவ்வொரு எழுத்தா போட்டார்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “தங்கச்சி?”

“கதவு வழியா அண்ணனைப் பார்த்துச்சு. நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது மேடம், டாக்டருக்கே தெரியாதாம். ஆனா நாளைக்குன்னு ஒண்ணு இருக்கு இப்ப.” குரலைத் தாழ்த்தினான். “ஒரு சிக்கல். டிரைவர் என்னைத் தனியா தள்ளிட்டு வந்து கேக்கறார், காலையிலேர்ந்து மச்சான் எங்க இருந்தார்னு. அந்தம்மா தூணுக்குப் பின்னால நின்னுட்டு என்னையே பார்க்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

மேடம் மடியில் இருந்த ஸ்டிக்கைப் பார்த்தார். எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது, அந்த நாலு விரல் இடத்தைத் தவிர.

“டிராஃபிக்ல மாட்டிக்கிட்டார்னு சொல்லு” என்றார்.